ஆட்டக்காரராக இருந்தவர் நல்ல கல்லூரிப் பயிற்சியாளர் ஆவது எப்படி? ஜிம் ஹார்பா பற்றி ஓர் ஐயம்

கேள்வி

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தை அண்மைக் காலமாகத்தான் கவனித்து வருகிறேன். ஜிம் ஹார்பா 1987 முதல் 2000 வரை சிகாகோ பேர்ஸ், இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் முதலிய தொழில்முறை அணிகளில் குவாட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவராக, ஆடியவர். தாம் படித்த மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 2023 பருவத்தில் 15 ஆட்டங்களிலும் வெல்லவைத்துத் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலருக்குக் கைவராத பயிற்றுநர் தொழில் இவருக்குக் கைவந்தது எதனால்?

பதில் 1

ஆடிய அனுபவத்தைவிட, ஆடிக்கொண்டிருந்தபோதே அவர் செய்த இன்னொரு வேலைதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அவருடைய தந்தை ஜாக் ஹார்பா, மேற்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். பணமின்மையால் அந்த அணியையே கலைத்துவிடலாமா என்று நிர்வாகம் யோசித்த காலம் அது. 1994 முதல் 2001 வரை, தம் தொழில்முறை ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, மகன் அங்கே ஊதியமில்லாத உதவிப் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டு, ஓய்வு மாதங்களில் பள்ளி மாணவர்களைத் தேடிச் சென்று அணிக்கு அழைத்து வந்தார். 2002இல் அவ்வணி தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றபோது, அவர் சேர்த்த மாணவர்கள் பலர் களத்தில் இருந்தனர். கல்லூரிப் பயிற்சியாளருக்கு ஆள் சேர்ப்பதுதான் பாதி வேலை. அதை அவர் கூலி வாங்காமல் கற்றார்.

பதில் 2

முன்னவர் சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் களத்தில் அவர் ஊட்டிய துணிவையும் சொல்லியாக வேண்டும். முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியை அவர் 2007இல் ஏற்றார். அந்த அக்டோபரில், சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 ஆட்டங்களை வென்றிருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டபோது, ஸ்டான்ஃபோர்டு 41 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கும் என்பதே பந்தயக் கணிப்பு. வழக்கமான குவாட்டர்பேக்கின் உடல்நலம் குன்றியதால், டவிடா பிரிச்சர்டு முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆடினார். இறுதி நிமிடங்களில், நான்காவதும் கடைசியுமான முயற்சியில் 20 யார்டு தேவைப்பட்டபோது ரிச்சர்டு ஷெர்மன் பந்தைப் பிடித்து, அணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகளைப் பெற்றுத் தந்தார். பின்னர் எதிரணியின் இலக்குக் கோட்டிலிருந்து 10 யார்டு தொலைவில், மீண்டும் ஒரு நான்காம் முயற்சியில், மார்க் பிராட்ஃபோர்டு மூலையில் உயரத் தாவிப் பிடித்த பந்துதான் 24-23 என்ற வெற்றியைத் தந்தது. அந்த டச்டவுனை (இலக்குக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவதை) இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 2010இல் அதே ஸ்டான்ஃபோர்டு 12 வெற்றி, ஒரு தோல்வி என்று பருவத்தை முடித்தது.

பதில் 3

கேட்டவரின் கூற்றில் ஒரு திருத்தம். அந்த 15 வெற்றிகளில் ஆறில், விதிமீறல் குற்றச்சாட்டுகள் தொடர்பான தடைகளால் ஹார்பா மைதான ஓரத்தில் நிற்கவில்லை. 30-24 என்று, மிச்சிகனின் பரம எதிரணியான ஒஹாயோ ஸ்டேட்டை வென்ற ஆட்டமும் அவற்றுள் ஒன்று. அவரை மதிப்பவன் என்ற முறையிலேயே, இதை மறைக்கக் கூடாது என்று கருதுகிறேன். மேலும், 2020இல் அவரது மிச்சிகன் அணி இரண்டு வென்று நான்கில் தோற்றபோது அவருடைய ஊதியமே குறைக்கப்பட்டது. அதன்பின் அவர் உதவிப் பயிற்சியாளர்களை மாற்றினார். தற்காப்புப் பொறுப்புக்கு மைக் மெக்டொனால்டை, தம் அண்ணன் ஜான் ஹார்பா நடத்திய பால்டிமோர் ரேவன்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து அழைத்து வந்தார். அடுத்த பருவத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று வென்றார்கள்.