கன்னங்குறிச்சி வீட்டுக் குழுவில் மட்டக்குதிரைப் பேச்சு

செந்தில்: ஏற்காட்டில் சவாரிக்கு விடும் ஒருவர் தொழிலை விடுகிறார். ஒரு மட்டக்குதிரை இருக்கிறது, 12 வயதாம். பணம் வேண்டாம், நல்ல இடமாக இருந்தால் போதும் என்கிறார். நம் நாகலூர் தோட்டத்தில் விடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ரம்யா: போட்டோ அண்ணா

செந்தில்: [படம்]

ரம்யா: ஐயோ அந்தக் கண்ணு! யாழினி பார்த்தால் விடமாட்டாள்.

தேவி: எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

சுமதி பெரியம்மா: குட்டி அழகாக இருக்கிறது. வளர்ந்ததும் மாப்பிள்ளை அழைப்புக்கு விடலாம்.

குமார் மாமா: அக்கா, அது குட்டி இல்லை. இனி வளராது.

கவிதா அத்தை: செந்தில், டாமியை வாங்கி வந்தது யார்? கடைசி வரை சோறு வைத்தது யார்?

செந்தில்: அத்தை, அப்போது நான் காலேஜ்.

கவிதா அத்தை: அம்மாயியைக் கேள், சொல்வார்கள்.

குமார் மாமா: செந்தில், கால்நடைத் துறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பொறுமையாகப் படி. மட்டக்குதிரை 25, 30 வருஷம் இருக்கும். யாழினி படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது தோட்டத்தில் நிற்கும். அப்புறம், அதைத் தனியாக விடக் கூடாது. கூட்டமாக வாழும் ஜீவன். ஒற்றையாக விட்டால் வேலியோரமே நடந்து நடந்து இளைத்துப்போகும், கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும். இன்னொரு குதிரையோ கழுதையோ, அதுவும் முடியாவிட்டால் ஆடாவது கூட வேண்டும்.

மணி பெரியப்பா: கழுதையுமா!

தேவி: மாமா சொல்வதைக் கேளுங்கள்.

மணி பெரியப்பா: வாங்குவதென்றால் ஆடியில் அந்தியூர் சந்தை இருக்கிறதே. கத்தியவாரிக் குதிரை எல்லாம் வரும்.

சுமதி பெரியம்மா: ஆடி என்றதும்தான் ஞாபகம். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க என் பித்தளை அண்டா வேண்டும். தை மாதம் நாகலூர் போனது.

கவிதா அத்தை: அண்ணி, அது அம்மாயி எனக்குக் கொடுத்தது.

சுமதி பெரியம்மா: என்றைக்குக் கொடுத்தார்கள்?

ரம்யா: குதிரை...

செந்தில்: மாமா, அங்கே புல்லுக்குப் பஞ்சமே இல்லை. தீனிச் செலவு வராது.

குமார் மாமா: எனக்குப் பயமே அந்தப் புல்தான். மழை விட்டதும் துளிர்க்கும் புல்லில் சர்க்கரை அதிகம். மட்டக்குதிரை கொஞ்சத்திலேயே கொழுக்கும். அதோடு கொள்ளையும் அள்ளி வைத்தால் குளம்புக்குள் வீக்கம் வந்துவிடும். வந்தால் முன்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் தள்ளி நிற்கும். பார்க்கவே முடியாது. பிடரிக் கொழுப்பு கெட்டியாக இருக்கிறதா, குளம்பில் வளையம் வளையமாக மேடு தட்டுகிறதா, கையால் தடவிப் பார். இருந்தால் முன்பே வந்திருக்கலாம்.

குமார் மாமா: உன் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்குளம்பு நீண்டு முனை தூக்கியிருக்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை செதுக்க வேண்டும். பல மாதமாக யாரும் தொடவில்லை போல.

ரம்யா: பாவம்

செந்தில்: தோட்ட வேலைக்கு வரும் பொன்னுசாமி அண்ணனிடம் சொல்லி லாடக்காரரை வரவழைக்கலாமே?

குமார் மாமா: மாட்டுக்கு லாடம் கட்டுபவரை விடாதே, குதிரைக் குளம்பு வேறு. பொன்னுசாமி தினமும் வருகிறாரா?

செந்தில்: வாரத்தில் மூன்று நாள்.

கவிதா அத்தை: மற்ற நாலு நாள்?

குமார் மாமா: அதேதான். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. ஆகாதது உள்ளே போனால் வயிற்றுவலிதான். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், நடுராத்திரியானாலும் டாக்டர் வேண்டும். நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், வண்டிக்கு என்ன செய்வாய்? வேலியும் முள்கம்பி. அது மிரண்டால் காலைக் கிழித்துக்கொள்ளும். ஓரமெல்லாம் உண்ணிச்செடி, அதுவும் விஷம். ராத்திரி காட்டெருமை வேறு வரும்.

தேவி: யாழினி ஏறலாமா மாமா?

குமார் மாமா: அவள் ஏறலாம் கண்ணு, குதிரைக்குக் கால் சரியானதும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் அது சுமக்கலாம். 200 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. செந்தில் ஏறக் கூடாது.

மணி பெரியப்பா: செந்திலை ஏற்றினால் குதிரை நம் மேல் கேஸ் போடும்

செந்தில்: அப்போ வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

குமார் மாமா: நான் அப்படிச் சொல்லவில்லை. நல்ல கைக்குப் போக வேண்டும் என்கிறேன். சனிக்கிழமை நான் வருகிறேன், பல்லையும் காலையும் பார்க்கிறேன். ரத்தமும் எடுக்கச் சொல்ல வேண்டும், கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் இருந்தால் மனிதருக்கும் தொற்றும். அதுவரை யாழினியிடம் சொல்லாதே.

தேவி: அவள் என் தோளுக்கு மேல் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

ரம்யா: நானும் வருகிறேன்

சுமதி பெரியம்மா: யார் போனாலும் அண்டா.

செந்தில்: காலை 7 மணி, ஐந்து ரோடு. துணைக்கு என்ன செய்வது என்று அப்புறம் பேசுவோம். அவரிடம் இன்னும் ஒரு வாரம் தவணை கேட்கிறேன்.

குமார் மாமா: கேள். அவர் தராவிட்டாலும் குளம்பு செதுக்க ஆள் தேடு, காசு நான் தருகிறேன். நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் காலோடு அது இன்றைக்கும் சவாரி போகிறது.