டீமுக்காக உழைக்கும் தலைவருக்கு டீம் என்ன செய்ய வேண்டும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (மென்பொருள்):

எங்கள் டீம் லீட், யார் லீவு கேட்டாலும் அவர்களுடைய ஆன்-கால் முறையை (வேலை நேரம் தாண்டியும் கோளாறு வந்தால் கவனிக்கத் தயாராக இருக்கும் பொறுப்பு) தானே எடுத்துக்கொள்வார். மேலிடத்து நெருக்கடி எதையும் எங்கள் பக்கம் வரவிடமாட்டார். நாளடைவில் எங்களுக்கும் அது பழகிவிட்டது.

ஒரு ரிலீஸுக்கு முந்தின இரவு, பழைய பதிவுகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் டேட்டா மைக்ரேஷன் ஸ்கிரிப்டில், தேதிகளின் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பதைக் கவனித்தேன். சொன்னால் மனிதர் இன்னொரு ராத்திரியும் உட்கார்ந்துவிடுவாரே என்று, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டேன். விடிவதற்குள் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்திருந்தது. நாள் 12க்கு மேல் இருந்த பதிவுகளாவது பிழை காட்டி நின்றன. மற்றவை சத்தமில்லாமல் தப்பான தேதியோடு உள்ளே போய்விட்டன. அவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

மேலாளர்கள் கூட்டத்தில் லீட் "பொறுப்பு என்னுடையது" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை. சாயங்காலம் என் மேசைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீங்க மூணு நாளா சரியா தூங்கலன்னுதான்..."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் தூக்கத்தை நான் பாத்துக்கறேன்பா. நீங்க சொல்லாம விட்டா நான் எதை வச்சு முடிவெடுக்கறது?" என்றார்.

அந்த வாரமே ஆன்-கால் அட்டவணையை நாங்களே எழுதினோம். அவர் பெயரும் எல்லோருக்கும் சமமாக ஒரே ஒரு தடவைதான். ஸ்க்ரம் என்ற குழு வேலைமுறையின் வழிகாட்டியில், குழுவுக்குத் துணைநிற்கும் ஸ்க்ரம் மாஸ்டரைச் 'சேவகத் தலைவர்' என்று சொல்லியிருந்ததை 2020 பதிப்பில் 'சேவை செய்யும் உண்மையான தலைவர்கள்' என்று மாற்றினார்கள். எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது. சேவகர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எல்லாச் சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டவர்கள் நாங்கள்.

செவிலியர், வார்டு பொறுப்பு:

நான் அந்த லீட் இருந்த இடத்தில் இருந்தவள். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் ஊசியை நானே வாங்கிப் போட்டுவிடுவேன், பிள்ளைகள் திணற வேண்டாமே என்று. ஒருநாள் ஒரு ஜூனியர், "அக்கா, நீங்க லீவு போட்டா நாங்க என்ன பண்றது?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. தலைவர் என்பவர் முதலில் சேவகராக இருக்க வேண்டும் என்று 1970இல் எழுதிய ராபர்ட் கிரீன்லீஃப் சொன்ன சோதனையே, நம்மால் சேவை பெறுகிறவர்கள் வளர்கிறார்களா என்பதுதான். என் வார்டில் அவர்கள் வளரவில்லை. இப்போது பக்கத்தில் நிற்கிறேன், கையை மட்டும் நீட்டுவதில்லை. ரொம்பக் கஷ்டமான பழக்கம் இது.

தொழிற்சாலை, அசெம்ப்ளி லைன்:

டொயோட்டா முறையில் கோளாறைப் பார்க்கிற தொழிலாளி யாராக இருந்தாலும் லைன் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். டீம் லீடர் அவர் இடத்துக்கே வருவார், குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். எங்களிடமும் கயிறு இருந்தது, யாரும் இழுத்ததில்லை. பழைய சூப்பர்வைசர் "யார் இழுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வருவார். புதியவர் "என்ன ஆச்சு?" என்று வந்தார். முதல் மாதத்திலேயே கயிறு அழுக்காகிவிட்டது.

தொடங்கியவர்:

கயிறு அழுக்கானதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்' என்பது குறள். இடித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால், கெடுக்க எதிரியே வேண்டாமாம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது இது.

இப்போது நானும் ஒரு சின்ன டீமுக்கு லீட். நேற்று, சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண் எல்லோர் முன்னாலும், "நீங்க ஒத்துக்கிட்ட தேதிக்கு முடியாது, டெஸ்டிங்குக்கு நாளே ஒதுக்கல" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னது சரி. ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டு மேலே மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.