கொள்ளிடத்தில் வெள்ளம்: ஆட்டோ மைக்கில் எப்படி அறிவிப்பது?

கொள்ளிடக்கரை:
மேட்டூர் 120 அடி நிரம்பினால் உபரி நீர் எங்கள் பக்கம்தான் வரும். ஊராட்சி ஆட்டோவிலும் வாட்ஸ்அப்பிலும் போட ஒரு வரைவு: "மேட்டூரில் வினாடிக்கு 1.50 லட்சம் கன அடி உபரி நீர் திறக்கப்பட்டுள்ளதால் தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும். ஆற்றில் குளிக்க, மீன் பிடிக்க, கால்நடைகளை இறக்க வேண்டாம்." போதுமா?

மதகடி:
போதாது சார். "வேண்டாம்" கடைசியில நிக்குது, அதுதான் பெரிய கோளாறு. ஆட்டோ 10 கி.மீ. வேகத்துல போனா வினாடிக்கு மூணு மீட்டர் கிட்ட நகரும். குழாய்ச் சத்தம் முன்பக்கம் நூறு மீட்டர் தெளிவாக் கேட்டாலும் ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம்தான். வண்டி தாண்டிட்டா "ஆற்றில் குளிக்க, மீன் பிடிக்க" வரைக்கும்தான் காதுல விழும்! ஒவ்வொண்ணா முடிங்க: "ஆத்துல இறங்காதீங்க. மாட்டை ஓட்டாதீங்க."

"தாழ்வான பகுதி"ன்னா அவங்கவங்க பக்கத்துத் தெருவைத்தான் நினைப்பாங்க. தெருப் பேரு, படுகைப் பேரு சொல்லணும். "பாதுகாப்பான இடம்" எது? பள்ளிக்கூடமா, மண்டபமா?

வெண்ணாறு:
"திறக்கப்பட்டது" நம்ம டெல்டாவுல நல்ல சேதி. பாசனத்துக்கு மேட்டூர் திறக்கிற ஜூன் 12 ஞாபகத்துல நாத்தங்காலைத்தான் நினைப்பாங்க. "வெள்ளம் வருது"ன்னே சொல்லுங்க.

கன அடி மைக்குக்கு வேண்டாம். மேட்டூர்க் கணக்கு உங்க ஊர்க் கணக்கு இல்ல. நடுவுல பவானியும் அமராவதியும் சேருது, முக்கொம்புல காவிரியும் கொள்ளிடமும் பிரியுது. நீர்வளத்துறை பிரிவு அலுவலகத்துல கேட்டு, உங்க ஊருக்கு எத்தனை மணிக்கு வரும், படித்துறையில எத்தனாவது படி முழுகும்னு சொன்னா எல்லாருக்கும் புரியும்.

மதகடி:
வாட்ஸ்அப்புக்கு வேற கவனம். "இன்று இரவு"ன்னு போட்டா ரெண்டு நாள் கழிச்சும் சுத்தும். தேதி, கிழமை, வெளியிட்ட நேரம் மூணும் வேணும். "வதந்தியை நம்பாதீர்"னு மொட்டையாப் போட்டா, என்ன வதந்தின்னு தேடப் போவாங்க. எது உடைஞ்சதுங்கிறதும் துல்லியமா இருக்கணும். 2018 ஆகஸ்டுல முக்கொம்புல உடைஞ்சது கொள்ளிடம் மேலணை மதகுகள். அதை வெறுமனே "அணை உடைஞ்சிருச்சு"ன்னா மேட்டூரா, கல்லணையான்னு ஊரே கதிகலங்கும்.

கொள்ளிடக்கரை:
மைக்குக்கு மாற்றிவிட்டேன்: "கொள்ளிடத்துல வெள்ளம் வருது. செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு நம்ம படித்துறைக்கு வரும். படுகையில இருக்கிறவங்க 6 மணிக்குள்ள மேலத்தெரு பள்ளிக்கூடத்துக்கு வாங்க. ஆத்துல இறங்காதீங்க. உதவிக்கு 1077."

வெண்ணாறு:
சரி. "சாயங்காலம் 6 மணி"ன்னு போட்டுருங்க. 1077-ஐ "ஒண்ணு, சைபர், ஏழு, ஏழு"ன்னு ரெண்டு தடவை நிறுத்திச் சொல்லச் சொல்லுங்க.