பிரேக் ரீகால் கடிதம் வந்தவர்கள் என்ன செய்தீர்கள்? என் கதை இது

போன மாதம் கார் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம். ஏதோ சர்வீஸ் சலுகை என்று நினைத்து இரண்டு நாள் பிரிக்காமலே போட்டு வைத்திருந்தேன். பிரித்தால், என் மாடலில் குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) சீல் பழுதாகி ஆயில் கசியலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், பார்ட் தயாரானதும் மறுபடி தகவல் தருகிறோம் என்று இருந்தது.

அந்தக் கடைசி வரிதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. பிரேக்கில் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள், மாற்றுவதற்குச் சாமான் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நடுவில் நான் ஆபீஸுக்கு எதில் போவது?

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "சேசிஸ் நம்பர் சொல்லுங்க சார்." சொன்னேன். "ஆமா, உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கு. பார்ட் வந்ததும் கூப்பிடறோம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் கவனித்தேன். பெடலை மிதித்தபடி நிற்கிறேன், பாதம் தானாகக் கீழே போகிறது. சட்டென்று இல்லை, ஈர மணலில் கால் புதைவதுபோல மெல்ல மெல்ல. எடுத்து மறுபடி மிதித்தால் பழைய உயரத்தில் பிடிக்கிறது. யோசித்துப் பார்த்தால் இது இரண்டு மாதமாகவே இருந்திருக்கிறது. புது ஷூவின் அடிப்பாகம் தடிமன், அதனால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அதோடு முந்தைய சர்வீஸில் "பிரேக் ஆயில் கம்மியா இருந்துச்சு, ஊத்திட்டோம்" என்றார்கள். எங்கே போனது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு சொட்டு கிடையாது.

மறுநாள் மறுபடி போன். இந்த முறை ரீகால் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "பெடல் தரைக்கு இறங்குது, ஆயில் குறையுது, வெளியே கசிவு இல்லை" என்றேன். எதிர்முனையில் குரலே மாறிவிட்டது. "சார், ஓட்டிக்கிட்டு வராதீங்க. டோ வண்டி அனுப்பறோம்." நேற்று வரிசையில் காத்திருக்கச் சொன்னவர்கள்தான்! கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னால் நீங்கள் பட்டியலில் ஒரு வரி. காலுக்கு என்ன தெரிகிறது என்று சொன்னால்தான் வண்டியைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கிறார்கள்.

வண்டி இப்போது அங்கே நிற்கிறது. மாற்று வண்டி கேட்டேன், அப்படி வழக்கமில்லை என்றார்கள். அதையே மெயிலில் எழுத்தில் தரச் சொன்னேன். நாலாம் நாள் ஒரு சின்ன வண்டி கிடைத்தது. உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது என்று சொல்லுங்கள்.

*

உங்களுக்குக் கடிதமாவது வந்தது. நான் மூன்றாவது ஓனர், எனக்கு எதுவுமே வரவில்லை. அதே மாடல் வைத்திருக்கும் சிநேகிதர் "முன்சக்கர பிரேக் ஹோஸ், அதான் ஆயில் போற குழாய், மாத்தினாங்க, உனக்கும் மாத்தியாச்சா?" என்று பேச்சுவாக்கில் கேட்டதால் தெரிந்தது.

கம்பெனி தளத்தில் சேசிஸ் நம்பரைத் தட்டினால் 'தவறான எண்' என்றே வந்தது. நாலு தடவை. கடைசியில் பார்த்தால் பூஜ்யத்தை ஓ என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த 17 இலக்கத்தில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராதாம், ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாதென்று. சரியாகப் போட்டதும் வந்தது: ரீகால் மூன்று வருடம் பழையது, என் வண்டியில் வேலை முடியவில்லை.

வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. காசு கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன், கேட்கவில்லை. ரீகால் வண்டியோடு போகிற விஷயம், ஓனர் மாறினாலும் அது மாறாது என்று அட்வைசர் சொன்னார்.

பிறகு ஒருநாள் டாஷ்போர்டு பெட்டியைச் சுத்தம் செய்தபோது, அடியில் அந்தக் கடிதமே கிடைத்தது. முதல் ஓனர் பெயருக்கு வந்தது. பின்பக்கத்தில் யாரோ பெட்ரோல் கணக்கு எழுதியிருந்தார்கள்.

*

ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

முதலில் இங்கே எழுதியவருக்கு. ஆயில் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை என்றீர்களே, பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கச் சுவரை ஒட்டிக் கறுப்பாக உருண்டையாக ஒரு டப்பா இருக்குமே, அதற்குள் போயிருக்கும். அதுதான் பூஸ்டர், நீங்கள் மிதிக்கும் விசையைக் கூட்டித் தருவது. மாஸ்டர் சிலிண்டர் அதன் முகத்தில் போல்ட் போட்டு நிற்கிறது. சிலிண்டரின் பின்சீல் போனால் ஆயில் நேராகப் பூஸ்டருக்குள் இறங்கும், தரையில் ஒரு சொட்டு விழாது. ஆயில் காரணமில்லாமல் குறையாது. சக்கரத்தில் உரசி நிறுத்தும் பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. டாப்-அப் செய்த ஒரு மாதத்தில் மறுபடி குறைந்தால் அது பேட் இல்லை, கசிவு. உங்களிடம் கேட்காமல் ஊற்றிவிட்டு அனுப்பினார்கள் பாருங்கள், எனக்குக் கோபம் அங்கேதான்.

பெடல் மெல்ல இறங்குவது உள்சீல் விட்டுக்கொடுப்பதன் அறிகுறி. பூஸ்டரைச் சோதிக்க இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பெடல் கல் மாதிரி ஆகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும், இன்ஜின் தரும் வேக்யூம் (உறிஞ்சும் விசை) வந்து உதவுகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் வால்விலோ குழாயிலோ கோளாறு. (வேக்யூம் பூஸ்டர் உள்ள வண்டிக்குத்தான் இது. மின்சார பூஸ்டர் உள்ள புது வண்டிகளில் இந்தச் சோதனை செல்லாது.)

எல்லா ரீகாலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் மெர்சிடிஸ் உலகம் முழுக்க ஏறத்தாழ 10 லட்சம் பழைய வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பூஸ்டர் மேலிருந்த ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கித் துருப்பிடித்தது. சோதனை முடியும்வரை ஓட்டவே வேண்டாம் என்றார்கள். 2023இல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் மேல் அழைத்தன. அங்கே பயம் பிரேக் பிடிக்காது என்பதில்லை. ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகி, நிறுத்தி வைத்த வண்டியே தீப்பிடிக்கலாம். வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்தச் சொன்னார்கள். ஓட்டாதே என்பது வேறு, வெளியே நிறுத்து என்பது வேறு, பார்ட் வரும்வரை ஓட்டலாம் என்பது வேறு. கடிதத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.

பார்ட் வரும்வரை கையில் கிடைத்த ஆயிலை ஊற்றாதீர்கள். டாட் என்பது டப்பாவில் போட்டிருக்கும் பிரேக் ஆயில் வகை. டாட் 5 என்பது சிலிகான், டாட் 3, 4 உள்ள வண்டியில் அது சேராது.

*

என் அனுபவம் சின்னது. ரீகால் வேலை முடிந்தது, சாவி கொடுத்தார்கள், கழுவித் துடைத்து பளபளவென்று வண்டி. கேட் வரைக்கும்தான் போனேன், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் ஆயில் லைனில் காற்று. ஏர் சரியாக எடுக்கவில்லை! ரிவர்ஸ் எடுக்கவும் மனசில்லாமல் ஹேண்ட் பிரேக் போட்டு அங்கேயே இறங்கி, நடந்து போய்க் கூப்பிட்டு வந்தேன். மறுபடி எடுத்தபின் சரியானது. இப்போதெல்லாம் பிரேக்கில் யார் கை வைத்தாலும், சாவி வாங்கியதும் வண்டி நகர்வதற்கு முன்பே நாலு மிதி மிதித்துவிடுவேன். அவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி, வண்டி நேற்று வந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னது அப்படியே சரி. சிலிண்டரைக் கழற்றியபோது கூட நின்று பார்த்தேன். பூஸ்டர் வாய் ஈரமாக இருந்தது, விரலை விட்டு எடுத்தால் வழுவழுப்பு. அதனால் பூஸ்டரையும் சேர்த்தே மாற்றினார்கள். பழைய பார்ட்டைக் கேட்டேன், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம், தரவில்லை. காட்ட மட்டும் செய்தார்கள். பின்பக்கத்துச் சீல் ஒரு மோதிரத்தை விடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தேய்மானம். இதற்கா இத்தனை நாள் என்று இருந்தது. ஜாப் கார்டில் ரீகால் எண்ணை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன், நாளைக்கு வண்டியை விற்றால் வாங்குகிறவர் கேட்பாரே. சாவி வாங்கியதும் நாலு மிதியும் மிதித்தேன். பார்த்தார்கள்.

பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. ஆனாலும் சிவப்பு விளக்கில் நின்றால் காலை அழுத்தி ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். இன்று காலையும் ஏழு எண்ணுவதற்குள் பச்சை விழுந்து, பின்னால் ஹாரன்.