அல்மடேன் பாதரச உலை ஐரோப்பா கண்டுபிடிப்பா?

கனிமப்பித்தன்:
ஸ்பெயின்ல அல்மடேன், ஸ்லோவேனியால இத்ரியா, ரெண்டு பாதரசச் சுரங்கமும் 2012ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு, அது ரொம்ப நியாயம்னுதான் சொல்வேன். அல்மடேன்ல ரெண்டாயிரம் வருஷம் தோண்டிருக்காங்க, உலகத்துல இதுவரைக்கும் எடுத்த பாதரசத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு அங்க வந்ததுதான். சாதிலிங்கம்ங்கற செவப்பு பாதரசத் தாதுவ எரிச்சு ஆவியா வர்ற பாதரசத்த மண்குடுவை வரிசைக்குள்ள விட்டு குளிர வைக்கிற அலுடெல் உலை இருக்கே, ஐரோப்பாவோட பெரிய சாதனை அது.

தாமிரபரணிக்காரன்:
அண்ணே மன்னிக்கணும், அந்த உலை ஐரோப்பால பொறக்கவே இல்ல. 1633ல பெரு நாட்டு வன்காவெலிகால லோப்பே சாவேத்ரா பார்பா பண்ணது, 1646ல புஸ்தமாந்தேன்னு ஒருத்தர் அத அல்மடேனுக்கு கொண்டு போனாரு, அப்புறம் உலைக்கே அவர் பேரு ஒட்டிக்கிச்சு, பண்ணவர் பேரு போயிருச்சு.

கனிமப்பித்தன்:
சாவேத்ராங்கறதே ஸ்பானிஷ் பேருதானே தம்பி?

தாமிரபரணிக்காரன்:
பேரு ஸ்பானிஷ்தான், ஒத்துக்கறேன். ஆனா 3600 மீட்டருக்கு மேல விறகே கிடைக்காத மலை அது, இச்சுன்னு அங்க வளர்ற புல்லத்தான் எரிச்சாங்க, உலையும் அந்தப் புல்லுக்கு ஏத்த மாதிரிதான் ஓடுச்சு. இன்கா காலத்துக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஜனங்க சாதிலிங்கத்த அரைச்சு செவப்பு சாயமா பூசிருக்காங்க. 1560கள்ல கப்ரேராங்கற ஸ்பானியருக்கு இடத்த காட்டினதே ஒரு பழங்குடி ஆளு, அப்புறம் அந்த ஜனங்களையே மித்தான்னு முறை வெச்சு ஊர் ஊரா கட்டாயமா சுரங்கத்துக்கு இழுத்தாங்க. இப்போ பொலிவியால இருக்கற பொதோசி மலையோட வெள்ளி வெள்ளின்னு பேசறோம், 1570கள்ல இருந்து அந்த வெள்ளிய தாதுல இருந்து பிரிச்சது இந்த பாதரசம்தான்.

செண்பகம்:
நான் ஒண்ணு சொல்லவா, ரெண்டு பேரும் உலையையே பாக்கறீங்க, உலைகிட்ட நின்னவங்கள யாரும் பாக்கல. அந்த குடுவைங்கள ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி மூட்டுல மண்ணு பூசுவாங்க, அது வெடிச்சா ஆவி வெளிய வந்துரும், ஆறுறதுக்குள்ள சாம்பல் அள்ளறவன் மூஞ்சிலதான் அது அடிக்கும். அல்மடேன்ல 1566ல இருந்து விலங்கு போட்ட கைதிங்களயும் வேலைக்கு விட்டாங்க, 1593ல ராஜாவே ரகசிய விசாரணை வைக்கிற அளவுக்கு நிலைமை மோசம், கை கால் நடுங்கி புத்தி பேதலிச்சவங்கள பத்தி கைதிங்க வாக்குமூலமே இருக்கு. ஸ்பானிஷ்ல பாதரசத்துக்கு அசோகே, நடுக்கம் புடிச்சவனுக்கு அசோகாதோ. ஒரு நோய்க்கு ஊரு பேச்சுல வார்த்தையே வந்துருச்சுன்னா எத்தன பேரு நடுங்கிருப்பாங்க!

கனிமப்பித்தன்:
உலை விஷயத்துல நான் சொன்னது தப்பு, ஏத்துக்கறேன். ஆனா 1750கள்ல தொழிலாளிங்களுக்குன்னே அங்க ஆஸ்பத்திரி கட்டினாங்களே, 1777ல சுரங்கக் கல்விக்கூடம் வந்துச்சே, அதுவும் கணக்குல வரணும் இல்லையா?

செண்பகம்:
வரணும் சார். ஆனா ஆஸ்பத்திரி கட்டின அப்புறமும் கைதிங்கள அனுப்பறது 1800 வரைக்கும் நிக்கல.

தாமிரபரணிக்காரன்:
வன்காவெலிகா கதைய முடிச்சிடறேன். கூரைய தாங்குறதுக்குன்னு விட்டுவெச்ச தூண்லயும் நல்ல தாது இருந்துச்சு, உற்பத்தி குறையுதுன்னு அதையும் வெட்டினாங்க, 1786ல சுரங்கம் இடிஞ்சு 100 பேருக்கு மேல உள்ளயே போயிட்டாங்க. 2012 பட்டியல்ல அந்த மலை இல்ல. அல்மடேன எடுங்கன்னு நான் சொல்லல அண்ணே, உலை போன வழியில அந்த மலையையும் சேருங்கன்னுதான் கேக்கறேன்.

கனிமப்பித்தன்:
அதுக்கு நானும் சம்மதம் தம்பி. தலைப்புல "ஐரோப்பா"வ எடுத்துட்டு வன்காவெலிகான்னு மாத்தறேன்.