சாட்ஸ்வொர்த் மாளிகை: ஜன்னலுக்குத் தங்கம் பூசுவது பராமரிப்பா, படாடோபமா?

கல்தச்சன்: இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையைச் சீரமைத்த விதம் உலகத்துக்கே பாடம் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். பாடமாம்! டெவன்ஷயர் டியூக் என்ற பட்டம் உள்ள பிரபு குடும்பத்தின் வீடு. 10 ஆண்டு வேலை, 3.2 கோடி பவுண்டு, 2018-ல் முடித்தார்கள். கூரைக்கு ஈயத் தகடு மாற்றினார்கள், கரி படிந்த கல்லைக் கழுவினார்கள், சரி. ஜன்னல் சட்டத்துக்கு எதற்கய்யா தங்க ரேக்கு? ஒழுகுகிற மழையைத் தங்கமா நிறுத்தும்?

நிலாமுற்றம்: அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். முதல் டியூக் 1687-ல் இடித்துக் கட்டத் தொடங்கி 1707 வரை கட்டிய வீடு அது. அவர் காலத்திலேயே ஜன்னலில் தங்கம் உண்டு. இருந்ததைத்தான் திரும்ப வைத்தார்கள். ரேக்கு சாதாரண பெயிண்டைவிட அதிக நாள் தாங்கும், அடிக்கடி சாரம் கட்டும் செலவும் மிச்சம்.

கல்தச்சன்: ஓகோ, சிக்கனத்துக்காகத் தங்கம்! இருந்ததை எல்லாம் திரும்ப வைத்தார்களா? அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த பாக்ஸ்டன் கட்டிய பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடம் அங்கே இருந்தது. 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது திரும்ப வரவில்லை, தங்கம் மட்டும் வந்துவிட்டது.

வைகைக்கரை: எல்லாம் நம்மிடம் அடித்த காசு. இதில் பராமரிப்பு என்ன, படாடோபம் என்ன.

பழுதுநீக்கி: ஆரம்பித்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, எக்டன் செப்புச் சுரங்கம் இருந்தது, அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டை இருந்தது.

வைகைக்கரை: 8-ஆம் டியூக் பட்டத்துக்கு வரும் முன் 1880 முதல் 1882 வரை இந்தியாவுக்கான அமைச்சர். சும்மாவா உட்கார்ந்திருந்தார்?

பழுதுநீக்கி: அவர் உட்காருவதற்கு 170 வருஷம் முன்பே வீடு கட்டி முடிந்துவிட்டது. கணக்காவது போடுங்கள்.

வைகைக்கரை: அயர்லாந்துக் கோட்டை மட்டும் யாரிடம் அடித்ததாம்?

கல்தச்சன்: அயர்லாந்துக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், இங்கே பேச்சு ஜன்னலைப் பற்றி. இத்தாலிய ஓவியர் ராஃபேல் வரைந்த ஒரு படத்தை 2012-ல் ஏலம் விட்டார்கள். ஒரே ஒரு தாள், கறுப்புச் சுண்ணக்கட்டியில் இயேசுவின் ஓர் இளம் சீடரின் தலை. சுமார் 2.97 கோடி பவுண்டுக்குப் போனது. ராஃபேல் போனார், ரேக்கு வந்தது!

நிலாமுற்றம்: அந்தப் பணத்தில்தான் ஜன்னலுக்குப் பூசினார்கள் என்று யார் சொன்னது? 1950-ல் 10-ஆம் டியூக் இறந்ததும் சொத்துக்கு 80 சதவீத வரி விழுந்தது. ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மாளிகையையே விட்டுக்கொடுத்து வரி கட்டிய குடும்பம். இப்போது வீட்டை நடத்துவது 1981-ல் தொடங்கிய அறக்கட்டளை.

கல்தச்சன்: அறக்கட்டளை என்றால் கேள்வி கேட்கக் கூடாதா? டிக்கெட் வாங்கியவனைக் கேட்டா பூசினீர்கள்? நான் கல் வேலைக்காரன், அந்த முகப்பில் என் கண் போவது வேறு இடத்துக்கு. அரித்துப்போன கல்லை மட்டும் அளவாக வெட்டி எடுத்து, அதே வட்டாரக் குவாரிக் கல்லைப் பதித்து, பக்கத்துக் கல்லில் செதுக்கிய இலை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து உளி பிடித்திருக்கிறார்கள். ஒட்டு எங்கே என்று தேட வேண்டும். அதை எவன் படம் எடுக்கிறான்? கேமரா மொத்தமும் தங்கத்தின் பக்கம். அதனால்தான் கேட்கிறேன், எதற்கு அந்தத் தங்கம்?

பழுதுநீக்கி: ஐயா, இதோடு நான்கு முறை கேட்டுவிட்டீர்கள்.

கல்தச்சன்: பதில் வரட்டும், நிறுத்துகிறேன்.

நிலாமுற்றம்: பதில் இரண்டாவது பதிவிலேயே இருக்கிறது. போன மாதம் சுண்ணாம்புச் சாந்து இழையிலும் இவர் இப்படித்தான். சாந்தில் சேர்க்கும் கடுக்காய், கடுக்காய் என்று கடைசிவரை ஒரே பிடி.

கல்தச்சன்: கடுக்காய் விஷயத்தில் நான் சொன்னதில் என்ன தப்பு? பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார்?

நிலாமுற்றம்: ஓடவில்லை, தூங்கப் போனேன். சுட்டியைப் போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

கல்தச்சன்: போடுங்கள். உங்களுக்கு வசதியான பக்கத்தை மட்டும் போடாமல் முழுசாகப் போடுங்கள்.