வன்னி இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி: டர்பனிலிருந்து நாம் என்ன செய்யலாம்?

சாட்ஸ்வர்த்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதிக் கோயிலை ஒட்டி நடக்கும் எங்கள் தமிழ் வகுப்பின் பெற்றோர் சிலர் சேர்ந்து, இலங்கையின் வடக்கில் வன்னிப் பகுதியில் போரால் நொடித்துப்போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுப்பதற்காகப் பணம் திரட்டி வருகிறோம். எங்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் பிறந்தவர்கள். ஈழத்தில் எங்களுக்கு உறவினர் இல்லை. ஆயினும் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த செய்திகளைப் பார்த்த நாள் முதல் இந்த எண்ணம் எங்களை விடவில்லை. அப்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது வேலை தேடும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. முல்லைத்தீவில் எங்கள் பெயரிலேயே ஒரு பயிற்சி நிலையம் கட்ட வேண்டும் என்கிறார்கள் சிலர். பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்பது வேறு சிலருடைய எண்ணம். ஏற்கெனவே நடந்துவரும் ஒரு நிறுவனத்திடம் தொகையைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அந்த மண்ணை அறிந்தவர்களும், இந்த நாட்டில் தொழிற்கல்வித் துறையில் பணிபுரிந்தவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கராஜ்காரன், ஜொகன்னஸ்பர்க்

வணக்கம் ஐயா. கிளிநொச்சியில் பிறந்தவன் நான். இங்கே வாகனம் திருத்தும் கராஜ் நடத்துகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் பயிற்சி நிலையங்களையும் அங்குள்ள கராஜ்களையும் பார்த்துவருவது என் வழக்கம் என்பதால், நேரில் கண்டதை வைத்தே சொல்கிறேன்.

கட்டடம் கட்டும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். வடக்கில் இன்று பற்றாக்குறையாக இருப்பது கட்டடம் அன்று. தொழிற்பயிற்சி அதிகாரசபை அங்கே நிலையங்களை நடத்துகிறது. பயிலுநர்களைத் தொழிலகங்களில் சேர்த்துவிட இன்னொரு அதிகாரசபை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் அரசின் உதவியுடன் எழுப்பப்பட்டு 2016-இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனத்தின் பட்டறைகளைப் போல நம்மால் எத்தனை ஆண்டு பணம் சேர்த்தாலும் கட்ட முடியாது. மேலும், அங்கே ஒரு சான்றிதழுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் அது தேசியத் தொழில் தகைமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ சான்றிதழாக இருக்க வேண்டும். அதில் 7 மட்டங்கள் உள்ளன. 4-ஆம் மட்டம் பெற்றவரைத்தான் தனித்து வேலை செய்யத் தெரிந்த தொழிலாளி என்று கொள்வார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்து, பாடநெறிக்கு அங்கீகாரமும் பெறாத நிலையம் அதைக் கொடுக்க இயலாது. போர் முடிந்த கையோடு வந்த பல தொண்டு அமைப்புகள் மூன்று மாத வகுப்பு நடத்தித் தங்கள் சின்னம் பொறித்த தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயின. அந்தத் தாளைக் காட்டி வெளிநாட்டு வேலைக்கும் போக முடியாது, கொழும்பில் ஒரு பெரிய ஒப்பந்தக்காரரிடமும் சேர முடியாது.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? வகுப்பில் சேரும் நாளுக்கும் முதல் சம்பளம் வாங்கும் நாளுக்கும் இடையில் இருக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பையன் ஒருவன் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்கு வந்து படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குக் கட்டணம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் அவன் பொறுப்பு. அதைவிடப் பெரிது, கூலிவேலைக்குப் போனால் அன்றாடம் வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய பணம் நின்றுபோகிறது. தகப்பன் இல்லாத வீட்டில் அது சின்ன விஷயம் அன்று. பாடநெறி பாதியில் இருக்கும்போது நெல் வெட்டு வரும், அவன் வயலுக்குப் போவான், திரும்பி வரமாட்டான்.

இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு நிலையத்தில் வெல்டிங் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கம்பியை எண்ணித்தான் கொடுக்கிறார்கள். ஒரு பையன் பற்றவைத்தபோது கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கி மறுபடி தொட்டான். சுடர் நிலைத்துக் கை சீராக நகரத் தொடங்கிய நேரத்தில் கம்பி தீர்ந்துவிட்டது. கசடைத் தட்டிப் பார்த்தால் முதல் பாதியெல்லாம் துளை, கடைசி ஓரத்தில் மட்டும் மீன்செதிள்போல அடுக்கடுக்காக விழுந்திருந்தது. அந்தக் கை பழகுவதற்கு இன்னும் கட்டுக்கட்டாகக் கம்பியும் வெட்டுத் தகடும் வேண்டும். பயிற்றுநர் நல்லவர், இயந்திரம் நல்லது. ஆனால் செலவாகும் பொருளுக்குப் பணம் இல்லை. கட்டடத்துக்குக் கொடுப்பவர்கள் கிடைக்கிறார்கள், கம்பிக்குக் கொடுப்பவர் கிடைப்பதில்லை, ஏனெனில் கம்பியில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது.

எந்தத் தொழிலைத் தேர்வது என்பதிலும் கவனம் வேண்டும். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் 2012-இல் வடக்கு கிழக்கில் வேகமெடுத்தபோது, ஒவ்வொரு குடும்பமும் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தவணைகளில் பெற்றுத் தானே வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மேசன் வேலை தெரிந்தவர்களுக்கு அப்போது எங்கும் தட்டுப்பாடு. உடனே எல்லோரும் மேசன் வகுப்பு தொடங்கினார்கள். வீடுகள் எழும்பி முடிந்ததும் அந்த வேலையும் வற்றியது. வற்றாத வேலை என்று நான் நினைப்பது, அங்குள்ளவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களைத் திருத்தும் வேலை: மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம், நீரிறைக்கும் பம்பி, முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம், மீன்வாடிகளின் குளிர்பதனப் பெட்டி.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மேலே எழுதிய தம்பி சொன்னதை நான் முழுவதும் வழிமொழிகிறேன். நம் நாட்டுத் தொழிற்கல்லூரிகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

இங்கே 1998-ஆம் ஆண்டின் திறன் மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பின், நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைத் திறன் வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் துறைவாரியான பயிற்சி ஆணையங்களுக்குப் போகிறது, கல்லூரிகள் இருக்கின்றன, மாணவர்களுக்கு அரசு உதவித்தொகையும் கிடைக்கிறது. இவ்வளவு இருந்தும் 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடுவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். காரணங்கள் பல. என் கண்முன் நடந்த காரணம் ஒன்று: தொழிற்கல்லூரியில் என்6 என்னும் கடைசி நிலை வரை தேர்ச்சி பெற்ற மாணவர் தேசியப் பட்டயத்தைக் கையில் வாங்க வேண்டுமானால் 18 மாதம், பொறியியல் பிரிவானால் 24 மாதம், ஒரு பணியிடத்தில் வேலை செய்து காட்ட வேண்டும். அந்தப் பணியிடத்தைத் தேடிக் கொடுப்பவர் இல்லை. டர்பனை ஒட்டிய உம்லாசியிலும் இனண்டாவிலும் உள்ள பிள்ளைகள் பாடத்தில் தேறிவிட்டு, ஓர் உரிமையாளராவது உள்ளே விடுவாரா என்று கராஜ் கராஜாக ஏறி இறங்கியதை நான் அறிவேன். தகப்பனுக்கோ மாமனுக்கோ ஒரு பட்டறை இருந்தால் அந்தப் பிள்ளை பட்டயம் வாங்கும். இல்லாத பிள்ளைக்கு வழியில்லை.

வன்னியிலும் இதே இடத்தில்தான் இழை அறும் என்று நினைக்கிறேன். நிலையத்தில் சில மாதம், பின்னர் பணியிடத்தில் சில மாதம் என்பதே அங்கும் பொது முறை. பணியிடம் என்று சொல்லத்தக்க தொழிலகங்கள் போரில் அழிந்துபோன பகுதி அது. ஆகவே உங்கள் தொகையில் பெரும்பங்கை நல்ல வேலைக்காரர் ஒருவர் நடத்தும் சிறு பட்டறைக்குக் கொடுங்கள்: ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் முதலாளிக்கு மாதம் ஒரு சிறு தொகை, அந்தப் பிள்ளைக்கு மாதம் ஓர் உதவிப்படி. பிள்ளையைத் தேநீர் வாங்கிவரவும் கூட்டிப் பெருக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளாமல் இருக்கிறாரா என்று பார்க்க, உள்ளூரில் ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவரை நியமித்து, பிள்ளை தன் கையால் செய்த வேலைகளைக் குறிப்பேட்டில் எழுதவைத்து வாரந்தோறும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பேடுதான் பின்னால் தகைமை மதிப்பீட்டாளரின் முன் அவனுக்குப் பேசும்.

பள்ளிக்கூடம் போகாமலே தொழில் கற்றவர்களையும் மறக்க வேண்டாம். முன்பே பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இங்கும் இருக்கிறது, அங்கும் இருக்கிறது. போர்க்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகமும் இல்லாத வன்னியில் இயந்திரங்களை ஓடவைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு வகுப்பு வேண்டாம். மதிப்பீட்டுக் கட்டணமும், கேள்விகளுக்குத் தயார்படுத்த ஓர் ஆளும் போதும்.

கட்டடத்தைப் பற்றி ஒரு சொல். கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து உழைத்து முன்னேறிய எம்.எல். சுல்தான் கொடுத்த நன்கொடையால் டர்பனில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரியில் நம் தாத்தா, அப்பா தலைமுறையினர் பலர் படித்தார்கள். அதற்கென்று கட்டடம் வருவதற்கு முன்பே வகுப்புகள் நடந்துவந்தன.

புதுக்குடியிருப்பாள், டர்பன்

ஐயாமார் இருவரும் பையன்களை நினைத்தே எழுதியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

தையல் இயந்திரம் கொடுப்பது எளிது, படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தையல் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் ஐந்து பேர் தைத்தால் ஐந்து பேருக்கும் வருமானம் இராது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே பழக்கிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, வகுப்பு நேரம் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்தோடு பொருந்துவது, சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், மாலையில் இருட்டுவதற்குள் வீடு சேர ஒரு பஸ். கணவனை இழந்தோ அவர் காணாமலாக்கப்பட்டோ வீட்டைத் தனியாகச் சுமக்கும் பெண் ஒருத்தி இவை இல்லாமல் எந்த வகுப்பிலும் நிலைக்க மாட்டாள். கைத்தொலைபேசி திருத்துதல், குளிர்பதனம், உணவு பதப்படுத்துதல் போன்றவற்றைப் பெண்கள் செய்யலாம். முதலில் பயிற்சி பெறும் சிலரை ஒரே வகுப்பில் சேர்த்துவிடுங்கள், தனியாக ஒருத்தியை இருபது பையன்களுக்கு நடுவில் விடாதீர்கள்.

கருவிப்பெட்டியைக் கடனாகக் கொடுக்கவே வேண்டாம். சுயதொழில் என்ற பெயரில் வந்த நுண்கடன்களால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை எழுதி முடியாது. வாராவாரம் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். 2018-இல் அரசே முன்வந்து, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது.

கடைசியாக, முன்னாள் போராளிகளையும் உடல் உறுப்பு இழந்தவர்களையும் தனியே வரிசைப்படுத்தி, பெயரும் படமும் போட்டுத் திட்டம் நடத்த வேண்டாம். புனர்வாழ்வு முடித்து வந்த பிறகும் விசாரணைக்கு ஆள் வந்து போன வீடுகள் எனக்குத் தெரியும். முதலாளி பயந்து வேலை கொடுக்க மறுப்பார். எல்லோரையும்போல அவர்களும் ஒரே வகுப்பில் இருக்கட்டும். செயற்கைக் கால் பொருத்தியவருக்கு உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்தில் ஒரு மேசை, அவ்வளவே தனி ஏற்பாடு.

ஃபீனிக்ஸ்வாசி

நல்ல முயற்சி. ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் நம்மவர் மிகுதியாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் பிள்ளைகளும் அடுத்த பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளும் இன்றும் ஒருவரையொருவர் அஞ்சுகிறார்கள். அவர்களை ஒரே பட்டறையில் சேர்க்காமல் கடல் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாட்ஸ்வர்த்வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபீனிக்ஸ் அன்பருக்கு: இரண்டையும் செய்ய வேண்டும் என்பதே என் விருப்பம், இங்குள்ள பணிக்கு நீங்கள் முன்னின்றால் எங்கள் குழு உடன் நிற்கும். கட்டடத் திட்டத்தைக் கைவிடச் சொல்லி இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே பேசப்போகிறேன். பணத்தை எப்படி அனுப்புவது, யாரிடம் கணக்குக் கேட்பது என்பதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முதலில் நன்கொடையாளர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி கிடைக்கும் வரிக்கழிவு இந்நாட்டுக்குள் நடக்கும் பணிகளுக்கே உரியது. வெளிநாட்டுப் பணிக்கு வரிக்கழிவுக்கான பற்றுச்சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஃபீனிக்ஸ் பணிக்குத் தனிக் கணக்கு வைத்தால் அதற்கு, உரிய அனுமதி பெற்றபின், அந்தப் பற்றுச்சீட்டு தரலாம்.

கராஜ்காரன், ஜொகன்னஸ்பர்க்

அங்கே புதிதாக ஓர் அமைப்பைப் பதிவு செய்ய அலைய வேண்டாம். பதிவும் மாவட்டச் செயலகத்தின் இசைவும் ஏற்கெனவே உள்ள ஓர் அமைப்பின் வழியாகப் போவதே நல்லது. முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். பஸ் காசும் படியும் மாதக் கடைசியில் வகுப்பு வரவுப் பதிவைப் பார்த்துப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வெல்டிங் கம்பி, தகடு, எண்ணெய் போன்றவற்றைக் கிளிநொச்சிக் கடையிலேயே வாங்கச் சொல்லிப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கருவிப்பெட்டியை வகுப்புத் தொடக்க விழாவில் கொடுத்தால் பாதி விற்றுப்போகும். 4-ஆம் மட்டச் சான்றிதழ் வந்தபின், அவன் எந்த வேலையில் சேர்ந்திருக்கிறான் என்று கேட்டு, அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளை மட்டும் வாங்கிக் கொடுங்கள். முதல் முறையாக ஐந்தாறு பிள்ளைகளோடு தொடங்குவதாக இருந்தால், மோட்டார் சைக்கிள் பக்கத்துக்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய கராஜ்கார நண்பர்கள் இருவர் பரந்தனில் எனக்கு உண்டு. உங்கள் கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள், அவர்களிடம் பேசுகிறேன்.